இல்லமும் கணினியும்: எழாத கணினி

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. அதுமுதல் பழைய கணினியைக் கழித்துவிடாமல் அதில் லினக்ஸை நிறுவ முற்படும் அன்பர்கள் பலர். நற்செயலே. ஆயின், நிறுவி முடித்த பின் கணினி எழாமற்போவதும் உண்டு. நாமும் ஒருமுறை அவ்வாறு திகைத்து நின்றோம், பிழை நம்முடையதே.

யூஇஎஃப்ஐ முறையில் எழும் கணினி முதலில் நாடுவது இஎஃப்ஐ என்னும் சிறு பார்ட்டிஷனை. அது ஃபேட்32 அமைப்பில் இருத்தல் வேண்டும். லினக்ஸுக்கு உகந்த எக்ஸ்ட்4 அமைப்பைக் கணினியின் தொடக்க நிரல் பொதுவாகப் படித்தறியாது. நாமோ அதனையும் எக்ஸ்ட்4 ஆக்கிவிட்டோம்!

விண்டோஸும் உடனிருக்க வேண்டுமாயின், முன்னரே உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனை '/பூட்/இஎஃப்ஐ' என்னும் இடத்தில் இணைத்தால் போதும். அதனை ஃபார்மேட் செய்யலாகாது. செய்தால் விண்டோஸின் தொடக்கக் கோப்புகளும் அழிந்துபடும். லினக்ஸின் மூலப் பார்ட்டிஷனுக்கு மட்டும் எக்ஸ்ட்4 தேர்க. நிறுவுதற்குரிய பென்டிரைவையும் யூஇஎஃப்ஐ முறையிலேயே எழுப்புக.

ஊரிலுள்ள பெற்றோரின் படங்களும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் அவ்வட்டில்தானே உள்ளன? அவற்றை வேறொரு வட்டில் படியெடுத்து வைத்த பின்னரே இப்பணியில் கைவைப்பீர்களாக. கணினியை மீண்டும் எழுப்பிவிடலாம்; இழந்த படங்களை மீட்பது அரிது.