காயாத தரையும் கிடைக்காத கூலியும்

ஆண்டு மலரில் எல்லாரும் காதல் கவிதை எழுதுறப்ப நீ தரை ஓட்டைப் பத்தி எழுதப் போறியாடா என்று விடுதியில் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

என் அப்பா டைல்ஸ் பதிக்கிற கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான்தான். போன வருஷம் ஒரு வீட்டில் அப்பா சுட்டமண் தரை ஓடு பதித்தார். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். "ஈரம் காயலீங்க, கொஞ்ச நாள் விடுங்க" என்று அவர் சொன்னது எடுபடவில்லை. பளபளன்னு வார்னிஷ் அடிக்க வைத்தார்கள். ரெண்டே மாசத்தில் பாம்புச் சட்டை மாதிரி உரிந்தது. அடியில் வெள்ளையாக உப்பு பூத்தது. பழி அப்பா தலையில். பாக்கிக் கூலி நாலாயிரம் இன்னும் வரவில்லை.

லேப்பில் ஓட்டை 24 மணி நேரம் ஊறவைத்து எடை பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு தண்ணீர் குடிக்கிற ஓடு, தரைக்கு அடியிலிருக்கும் ஈரத்தையும்தானே இழுக்கும்? ஈரம் உப்போடு மேலே வருகிறது. வார்னிஷ் தோல் வழியை மறித்தால், உப்பு அடியில் படிந்து தோலையே தள்ளிவிடுகிறது.

தேன்மெழுகு அப்படித் தடித்த தோலாக நிற்காது. முதலில் லின்சீட் ஆயிலில் டர்பன்டைன் கலந்து பூசி, ஓடு குடித்தது போக மிச்சத்தைத் துடைக்க வேண்டும், விட்டால் பிசுபிசுக்கும். சில நாள் காய்ந்ததும் மெழுகு. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, தீயை விட்டுத் தள்ளி வந்துதான் டர்பன்டைன் சேர்க்கணும். மெல்லிசாகத் தடவி, காய்ந்த துணியால் தேய்க்கத் தேய்க்க மினுமினுப்பு வரும். ஆயில் துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

மெழுகிலும் குறை உண்டு. 63 டிகிரி வாக்கில் உருகும், சூடான பாத்திரம் வைத்தால் தடம் விழும். நடமாட்டம் உள்ள இடத்தில் அவ்வப்போது மறுபடி பூசணும். ஈரத் தரைக்கு அதுவும் உதவாது. ராத்திரி ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு ஓரமும் ஒட்டிவைத்துக் காலையில் பாருங்கள், அடியில் வியர்த்திருந்தால் தரை காயவில்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனையை நமக்கு யாரும் செய்துகாட்டவில்லையே!

நாளை சூப்பர்வைசராக நின்று "சீக்கிரம் அடிச்சு முடிப்பா" என்று என் அப்பா மாதிரி ஒருவரிடம் சொல்லப்போவது நாம்தானே? லேப்புக்குப் பின்னால் மீந்துபோன ஓடுகள் கிடக்கின்றன. பாதிக்கு மெழுகு, பாதிக்கு வார்னிஷ் என்று பதித்துப் பார்க்க நம் பேரவை துறைத்தலைவரிடம் அனுமதி கேட்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து காட்டித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். கூலி வேண்டாமாம், டீ மட்டும் போதுமாம்.