திவாலாகும் ஆலையும் தொழிலாளியின் பாக்கியும்

2017 ஜூன் மாதத்தில், பெருங்கடன் பாக்கி வைத்திருந்த பன்னிரண்டு கம்பெனிகளைத் திவால் சட்டப்படி கோர்ட்டுக்குக் கொண்டு செல்லும்படி பாங்குகளை ரிசர்வ் பாங்கு பணித்தது. அவற்றுள் எஸ்ஸார் உருக்காலை, ஏ.பி.ஜி. கப்பல் கட்டும் கம்பெனி ஆகிய இரண்டுக்கும் குஜராத்தில் சூரத் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் இருந்தன.

எஸ்ஸார் பிழைத்துக்கொண்டது. 49,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன் கொடுத்தவர்களுக்குச் சுமார் 42,000 கோடி கிடைத்தது. சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்குப் பின், 2019 டிசம்பரில் ஆலை புதிய முதலாளிகளின் கைக்கு மாறியது. ஏ.பி.ஜி.க்கோ அந்த வாய்ப்பு அமையவில்லை. 2019 ஏப்ரலில் அதைக் கலைக்கும்படி உத்தரவாயிற்று.

நொடித்த ஆலைக்கு விலை மதிப்பதற்கும், வாங்குவோரைத் தேடுவதற்கும், கடனைக் குறைத்துப் புதிய ஏற்பாடு செய்வதற்கும் முதலீட்டு பாங்கு நிபுணர்கள் வருகிறார்கள். அவர்கள் வேலை தேவையானதே. உலை அணையுமுன் நல்ல விலைக்கு ஆள் கிடைத்தால் எல்லோருக்கும் லாபம். ஆனால் நடவடிக்கையை நடத்தும் அதிகாரி அமர்த்தும் ஆலோசகர்களின் கட்டணம் செலவுக் கணக்கில் சேர்ந்து, முதலில் பைசலாகிவிடுகிறது. முடிவு செய்யும் கமிட்டியில் ஓட்டு, கடன் கொடுத்தவர்களுக்கே. ஆயுளை ஆலையில் கழித்த தொழிலாளிக்கு, சம்பள பாக்கிக்காக அங்கே ஓட்டுக் கிடையாது.

ஆலை கலைக்கப்பட்டால் பங்கீடு எப்படி? 2016-ம் ஆண்டுச் சட்டப்படி, தொழிலாளியின் 24 மாத பாக்கி, ஈடு பெற்றுக் கடன் கொடுத்த பாங்குகளுக்குச் சமமான வரிசையில் நிற்கிறது. குமாஸ்தா போன்ற மற்ற ஊழியர்களுக்கு 12 மாத பாக்கிதான். அதுவும் அடுத்த வரிசையில்.

ஏ.பி.ஜி. வழக்கில் 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்பு அளித்தது. திவால் நடவடிக்கை நடக்கும் காலத்தில் ஆலை ஓடி, தொழிலாளி உண்மையில் வேலை செய்திருந்தால்தான் அக்காலச் சம்பளம் முதல் செலவாகக் கருதப்படும் என்றது. பிராவிடண்ட் பண்டு, கிராஜுவிட்டி, பென்ஷன் நிதிகளிலிருந்து வரவேண்டிய தொகை கலைப்புச் சொத்தில் சேராது என்றும் தெளிவுபடுத்தியது.

ஆலைக் கதவு அடைபட்டால் தொழிலாளி எப்படி வேலை செய்ய முடியும்? கதவை அடைப்பது அவன் அல்லவே! மறுவாழ்வுத் திட்டத்தை ஆராயும் கமிட்டியில் தொழிலாளர் பிரதிநிதிக்கு ஓர் ஓட்டாவது அளிக்கச் சட்டம் திருத்தப்பட வேண்டும். குமாஸ்தாவையும் தொழிலாளியையும் ஒரே வரிசையில் வைப்பதே நியாயம். இருவர் வீட்டு அடுப்பும் ஒரே சம்பளத் தேதியை நம்பித்தான் எரிகிறது.

சட்டம் திருந்தும் வரை தொழிலாளர் காத்திருக்கலாகாது. ஊர்விட்டு ஊர் வந்து உழைப்போர் நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, பி.எப். கணக்கு எண் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். ஆலை திவால் என்று அறிவிப்பு வந்தால், சொந்த ஊருக்கு ரயில் ஏறுமுன் பாக்கியை எழுத்து மூலம் கோருவது அவசியம். கேட்காத பாக்கியைத் தேடி வந்து கொடுப்பவர் எவரும் இல்லை.