அடகும் மீட்பும்

நான் வெளிநாடு கிளம்பியபோது, மாவுக்கட்டுக்குப் பெயர்போன எங்கள் ஆந்திரப் புத்தூரில் அம்மா சங்கிலியை அடகு வைத்தார். சம்பளம் வந்ததும் மீட்டுக் கொடுத்து, "கணக்கு தீர்ந்ததும்மா" என்றேன். "இதுல என்னடா கணக்கு?" என்று சிரித்தார்.

மாற்கு 10:45 இயேசுவின் உயிரை 'மீட்கும்பொருள்' என்கிறது. சரி, அது யாருக்குச் செலுத்தப்பட்டது? 3-ஆம் நூற்றாண்டில் ஒரிகன் சாத்தானுக்கு என்றார். 1098-இல் ஆன்செல்ம் அதை மறுத்து, கடவுளுக்கான கடன் என்றார்.

என்னைக் கேட்டால், இருவரும் அடகுக்கடைக்காரரைத் தேடினார்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றியவரைப் பார்க்கவில்லை. சிலுவையில் கடவுள் எதையும் வசூலிக்கவில்லை, தானே இழந்தார். அதைத் திருப்பிக் கட்ட முடியாது. நமக்குக் கடன்பட்டவரை மன்னிக்கலாம், அவ்வளவுதான்.

வாங்கிய பணத்தைத் தராத தம்பியோடு மூன்று வருடமாக நான் பேசவில்லை. இந்த ஞாயிறு நானே கூப்பிடப் போகிறேன். நீங்கள்?