சாவி உங்க கையில... ஆனாலும் கார் கத்துதா? ஒயரை அறுக்கும் முன் ஒரு நிமிஷம்!

சாவியை எடுத்துட்டீங்க. கதவைத் திறக்குறீங்க. 'ட்ர்ர்ர்ர்...' என்று டேஷ்போர்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம். சாவி உங்க கையிலதான் இருக்கு. ஆனால், "சாவியை உள்ளேயே விட்டுட்டுப் போறீங்க" என்று கார் அடம்பிடிக்கிறது.

1970-களில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரை இன்று வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைவலி. இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் இது. (நம்ம ரோட்டில் ஓடும் எம்.ஜி. ஹெக்டருக்கும் இதுக்கும் பெயர்தான் சொந்தம். பிராண்ட் எப்பவோ சீன நிறுவனத்தின் கைக்குப் போயாச்சு.) என்னிடம் அப்படி ஒரு கார் இருப்பதாக யாரும் பொறாமைப்பட வேண்டாம். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, பழைய கார்களைச் சரிசெய்யும் வீடியோக்களைப் பார்ப்பதோடு சரி. ஆனால் அவற்றில் அடிக்கடி வரும் ஒரு காட்சி என்னை உறுத்துகிறது. பஸ்ஸர் கத்துதா? கட்டரை எடு, ஒயரை அறு, அடுத்த வேலையைப் பார்.

இது தப்பு என்பது என் கட்சி. எந்த ஒயர் பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிக்காம பஸ்ஸரின் வாயை மட்டும் அடைத்தால், அடுத்த முறை சத்தத்துக்குப் பதில் புகை வரலாம்.

இந்த பஸ்ஸர் எங்கிருந்து வந்தது?

சாவியை காரிலேயே விட்டுவிட்டு இறங்குவது கார் திருடர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி. அதனால் 1970 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் புது கார்களுக்கு ஒரு விதி வந்தது: சாவி உள்ளே இருக்கும்போது டிரைவர் கதவு திறந்தால் கார் எச்சரிக்க வேண்டும்.

அடுத்து வந்ததுதான் பெரிய கூத்து. 1974 மாடல் கார்களில், முன் சீட்டில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் இன்ஜினே ஸ்டார்ட் ஆகாது. சீட்டுக்கு அடியில் சென்சார். பக்கத்து சீட்டில் மளிகைப் பையை வைத்தாலும் அதை ஆள் என்று நினைத்துக்கொள்ளும். மக்கள் கொதித்துப்போனார்கள். அதே வருடம் அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த விதியையே தூக்கியது. பெல்ட்டுக்காக 8 நொடிக்கு மேல் கத்தும் பஸ்ஸரையும் அரசு கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

அப்புறம் என்ன, ஆளாளுக்கு கட்டரோடு சீட்டுக்கு அடியில் புகுந்தார்கள். அந்தக் காலத்து கார்களில் எங்கேயும் போய்ச் சேராத ஒயர்கள் தொங்குவதற்கு இது ஒரு காரணம். முன்னாள் ஓனர் மாட்டிய ரேடியோ, திருட்டு அலாரம் எல்லாம் இன்னொரு காரணம். கழற்றும்போது பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒயரை அப்படியே விட்டிருப்பார்.

சரி, ஏன் கத்துது?

சர்க்யூட் ரொம்ப எளிமையானது. பஸ்ஸருக்கு எப்போதும் கரன்ட் உண்டு. அது கத்த இரண்டு சுவிட்ச் வரிசையாக மூட வேண்டும். ஒன்று, இக்னிஷன் லாக்குக்குள் சாவி இருப்பதை உணரும் குட்டி சுவிட்ச். இன்னொன்று, கதவு நிலையில் இருக்கும் ஸ்பிரிங் வைத்த பித்தான். சாவி இல்லாமலேயே கத்தினால், பெரும்பாலும் முதல் ஆள்தான் குற்றவாளி. ஐம்பது வருடம் சாவி போய் வந்ததில் தேய்ந்து, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் கனெக்டரைக் கழற்றிப் பாருங்க, சத்தம் நின்றால் ஆளைப் பிடித்தாச்சு. கதவு மூடிய பிறகும் கத்துதா? கதவு பித்தானையும் விரலால் அழுத்திச் சோதியுங்க. துருப்பிடித்து ஜாம் ஆகியிருக்கலாம்.

பஸ்ஸர் சுலபம். உண்மையான சிக்கல் அந்த அநாமதேய ஒயர்கள்தான். அங்கேயும் ஒரு வசதி இருக்கு. பிரிட்டிஷ் கார்களில் ஒயரின் நிறமே ஒரு மொழி. ஊதா என்றால் ஃபியூஸ் வழியாக எப்போதும் கரன்ட் வரும் ஒயர். வெள்ளை, சாவியைத் திருப்பினால் மட்டும். பச்சை, சாவி திருப்பிய பிறகு ஃபியூஸைத் தாண்டி வருவது. பச்சையில் ஊதாக் கோடு இருந்தால் பிரேக் லைட், சிவப்புக் கோடு இருந்தால் இடது இண்டிகேட்டர். கறுப்பு, எர்த்.

பழுப்பு நிறம்தான் ஆபத்தானது. பேட்டரியிலிருந்து நேரடியாக, நடுவில் ஃபியூஸே இல்லாமல் வருகிறது. இக்னிஷன் ஆஃப் ஆனாலும் அதில் கரன்ட் இருக்கும். அறுத்துவிட்ட பழுப்பு ஒயரின் நுனி கார் பாடியில் உரசினால், அந்த ஒயரே ஃபியூஸாக மாறி எரியும். சத்தம் தாங்காமல், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, நிறம் பார்க்காமல் அறுப்பவர்கள் இதைத்தான் பணயம் வைக்கிறார்கள். எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்க.

இன்னொரு அமானுஷ்யமும் உண்டு. பிரேக்கை மிதித்தால் சம்பந்தமே இல்லாத வேறொரு பல்பு மங்கலாக எரியும். பேயெல்லாம் இல்லை, எர்த் போயிருக்கு. கரன்ட் திரும்பிப் போக வழி இல்லாமல், பக்கத்து பல்பு வழியாகச் சந்து கண்டுபிடித்துப் போகிறது. எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தின் துருவைச் சுரண்டி இறுக்கினாலே பாதி மர்மம் தீர்ந்துவிடும்.

இங்கே மல்டிமீட்டரை மட்டும் நம்பினால் ஏமாறுவீங்க. துருப்பிடித்த கனெக்டரிலும் அது 12 வோல்ட் காட்டும். பல்பு வைத்த சாதாரண டெஸ்ட் லைட்டை மாட்டுங்க. லூஸ் கான்டாக்ட் என்றால் பல்பு சரியாக எரியாது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம். விலை குறைந்த கருவி, விலை அதிகமான கருவியைத் தோற்கடிக்கிறது.

ஃபியூஸிலும் ஒரு பொறி இருக்கு. இந்த கார்களில் வந்த லூகாஸ் ஃபியூஸில் '35' என்று போட்டிருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இன்றைய ஃபியூஸ்களில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. அதே எண்ணைப் பார்த்துப் புது 35 ஆம்பியர் ஃபியூஸ் வாங்கி மாட்டினால், ஃபியூஸ் போவதற்கு முன் ஒயர் போய்விடும்.

"பழைய கார் கதை நமக்கெதுக்கு?"

இந்தியாவில் 2019 ஜூலை முதல் புது கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். அந்தச் சத்தத்தை நிறுத்த, பெல்ட் போடாமலேயே பக்கிளில் சொருகும் கிளிப்பை நம்மவர்கள் ஆன்லைனில் வாங்கிக் குவித்தார்கள். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இ-காமர்ஸ் தளங்களை அந்த கிளிப்பை நீக்கச் சொன்னது. 1974-ல் அமெரிக்கர் கையில் இருந்தது கட்டர், நம் கையில் கிளிப். அவர்களிடமாவது மளிகைப் பை என்ற நியாயம் இருந்தது.

எம்.ஜி.பி.காரர்களுக்கு ஒன்று மட்டும். அடையாளம் கண்ட ஒவ்வொரு ஒயரிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, அது எது என்று எழுதி வையுங்க. எங்கே போகுதுன்னு தெரியாத ஒயரின் நுனியைக் காப்பு போட்டு மூடி, 'தெரியவில்லை' என்றே எழுதுங்க. உங்களுக்கு அடுத்து அந்த டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு படுக்கப்போகிறவர் உங்களைத் திட்ட மாட்டார்.