ஆசிரியை பக்கம்: சாவிக் கொத்துக்குக் கிடைத்த நல்ல பெயர்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. காலைச் சபைகூடலில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி பொத்தென்று விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. "சாவி கொண்டாங்க, சாவி!" என்று ஒரே கூச்சல். ஒருவர் இரும்புச் சாவிக் கொத்தை அவள் கையில் திணித்தார். இன்னொருவர் பல்லிடுக்கில் கரண்டியை நுழைக்கப் பார்த்தார். பயிற்சிச் சான்றிதழ் வாங்கிய நானோ கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இரண்டு நிமிடத்தில் இழுப்பு தானாக நின்றது. சாவிக்கு நல்ல பெயர் கிடைத்தது.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். செம்பனைக் காட்டிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த தாயார், "டீச்சர், வெளியே சொல்லிடாதீங்க. நாளைக்கு இவள யாரு கட்டிக்குவா?" என்று அழுதார். ஒரு வருடமாக மந்திரித்துக் கயிறு கட்டியதுதான் வைத்தியம்.

இந்திய நரம்பியல் சங்கத்துக்கு 2026-ஆம் ஆண்டோடு 75 வயது நிறைகிறது என்று அறிந்தபோது, அந்தத் தாயின் முகம்தான் என் கண்முன் வந்தது. 1951-இல் அதைத் தொடங்கியவர்கள் நான்கே பேர்: ஜேக்கப் சாண்டி, பி. இராமமூர்த்தி, எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங். சாண்டி கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பயின்றவர். 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் மூளை அறுவைப் பிரிவைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த இராமமூர்த்தி 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் அந்தப் பணியை ஆரம்பித்தார். 1952-இலேயே வேலூரில் வலிப்புக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது! நம் பாட்டன்மார் பால் மரம் வெட்டிய காலத்திலேயே, இது பேயல்ல, மூளையில் வரும் நோய் என்று தமிழ் மண்ணில் மருத்துவர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

அன்று நால்வரோடு பிறந்த சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் இன்று மூளை, நரம்பு மருத்துவர்கள் பெருந்திரளாகக் கூடுகிறார்கள். அவர்கள் பேசுவது நமக்குப் புரியாமல் போகலாம். நம் வீட்டுக்கு வேண்டியது கொஞ்சம்தான்.

நம் மூளை மெல்லிய மின்சாரத்தால் வேலை செய்கிறது. அந்த மின்சாரம் திடீரென்று தாறுமாறாக எழும்பினால் வலிப்பு. இது தொற்றாது. உலகில் சுமார் 5 கோடிப் பேருக்கு இந்த நோய் உண்டு. முறையாக மருந்து சாப்பிட்டால் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

யாருக்காவது வலிப்பு வந்தால் பதறாதீர்கள். பக்கத்தில் உள்ள கல், கத்தியை அகற்றுங்கள். தலைக்கடியில் துணி வையுங்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, அடுத்தடுத்து வந்தாலோ, 999-ஐ அழையுங்கள். பெரும்பாலான வலிப்பு அதற்குள் தானே அடங்கிவிடும். சாவியின் மகிமை அவ்வளவுதான்!

அந்தப் பிள்ளையை அலோர் ஸ்டாரில் டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரை கொடுத்தார்கள்; வலிப்பு நின்றது. ஆறு மாதம் கழித்து, "நல்லாத்தானே இருக்கா" என்று தாயார் மாத்திரையை நிறுத்திவிட்டார். மறுபடியும் விழுந்தாள், இந்த முறை நெற்றியில் தையல். மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது என்பதை அந்தத் தழும்பு இன்றும் சொல்கிறது.

இப்போது அவள் இடைநிலைப் பள்ளி மாணவி. கைப்பந்துக் குழுவிலும் இருக்கிறாள். போன தீபாவளிக்கு வந்தபோது தாயார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், இப்ப நானே நாலு பேருக்குச் சொல்றேன்."

நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.