நட்சத்திரம் போட்ட பெண்

'அந்தெரா' என்று ஒரு சொல். மூலக் கெல்டிக் மொழியில் 'இளம்பெண்' என்று அர்த்தம். முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். இந்தச் சொல்லை யாரும் எழுதி வைக்கவில்லை, பின்னால் வந்த மொழிகளைப் பார்த்து நாங்களாகக் கட்டினோம் என்று அதற்குப் பொருள். நேர்மையான குறி. அதோடு எனக்குச் சண்டை இல்லை. அடுத்த வரியில் 'இது இங்கிருந்துதான் வந்தது' என்று அடித்துச் சொல்கிறார்களே, அங்கேதான் சண்டை.

கையிருப்பு என்ன? ஐரிஷில் 'அந்தெர்', இளம்பெண். வெல்ஷில் 'அன்னெர்', கிடாரி. பிரெட்டனிலும் கிடாரிதான். பிரெஞ்சில் அடுப்பு விறகைத் தாங்கும் இரும்புக்கு 'லாந்தியே'. அது காளைக்கன்றைக் குறித்த பழைய சொல்லாம். அவ்வளவுதான் சரக்கு.

பெண்ணும் கிடாரியும் ஒரே சொல் என்றதும், 'பார்த்தீர்களா, பெண்ணை மாடாகத்தான் நினைத்தார்கள்' என்று ஒரு கோஷ்டி கிளம்பிவிடும். ஏன் சார், பெண்ணுக்கு இருந்த பெயரை வீட்டுக் கிடாரிக்குச் செல்லமாக வைத்திருக்கக் கூடாதா? எது முதல் என்று எவன் பார்த்தான்?

ஜூலியஸ் பொகோர்னி 1959-ல் வந்த தன் அகராதியில் இதைக் கிரேக்க 'அந்தோஸ்' பக்கத்தில் உட்காரவைத்தார். அந்தோஸ் என்றால் பூ. மலர்ந்த பெண்! கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அழகு எப்போது ஆதாரமானது?

இதற்கு நடுவில் பாஸ்க் மொழி. எந்தக் குடும்பத்திலும் ஒட்டாத அந்த மொழியில் 'அந்தெரே' என்றால் பெண்மணி. பிரனீஸ் மலைப்பக்கத்து ரோமானியர் காலக் கல்வெட்டுகளில் அது பெண்களின் பெயராகவே இருக்கிறது. கெல்டிக்காரர்கள் கொடுத்ததா, பாஸ்க்காரர்கள் கொடுத்ததா, செத்துப்போன மூன்றாவது மொழி ஒன்று இருவருக்கும் கொடுத்ததா? கல் பழசு என்பது நிஜம். யார் யாருக்குக் கடன் என்று கல்லில் இல்லை.

நான் பி.காம். வவுச்சர் இல்லாத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில்தான் வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். வருமானம் என்று எழுதினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? சொல்லாராய்ச்சிக்கு ஆடிட்டர் இல்லை, அதுதான் தைரியம்.

வவுச்சர் எப்படி இருக்கும் தெரியுமா? வேல்ஸில் எக்லுவிஸ் கம்மின் தேவாலயத்தில் ஒரு கல் இருக்கிறது. லத்தீனில் ஒரு வரி, ஓகம் எழுத்தில் ஐரிஷ் வரி ஒன்று. லத்தீனில் 'ஃபீலியா', மகள், என்று இருக்குமிடத்தில் ஓகத்தில் 'இனிகெனா'. இன்றைய ஐரிஷ் 'இனீன்' அதன் வாரிசு. அந்தச் சொல்லுக்கு நட்சத்திரம் தேவையில்லை. அவித்தோரியா, குனிக்னஸின் மகள் என்று பெயரோடு ஒரு பெண் அதில் இருக்கிறாள்.