காரல் என்றால் இளக்காரமா?

திருச்செந்தூர் பக்கம் மீன் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"அண்ணாச்சி, காரல் புதுசா வந்திருக்கு. எடுத்துக்கிடுங்க."

"காரலா? வெறும் முள்ளுல்லா! சீலா என்ன விலை?"

விலையைக் கேட்டதும் அண்ணாச்சி முகம் சுருங்குகிறது. வெறும் பையோடு நடையைக் கட்டுகிறார்.

நஷ்டம் யாருக்கு? வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குத்தான்!

காரல் கொழுப்புக் குறைந்த கடல் மீன். 100 கிராம் சதையில் முக்கால் பங்கு தண்ணீர். மிச்சத்தில் பெரும்பகுதி புரதம். சுமார் 18 கிராம் தேறும். ஒரு கோழி முட்டையில் 6 கிராம்தான். கணக்குப் போட்டால் மூணு முட்டை!

அரிசிச் சோற்றில் குறைவாக இருக்கும் 'லைசின்' என்ற சத்து மீனில் தாராளம். சோறும் ரசமுமாக வயிற்றை நிரப்பும் வீட்டுக்கு மீன் துண்டு எவ்வளவு உதவி! பி12 வைட்டமின், அயோடின் வேறு. பெரிய சுறாவில் சேருகிற அளவுக்குச் சின்ன மீனில் பாதரசம் சேர்வதில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் 'ஒமேகா 3' காரலில் குறைவு, சாளையில்தான் அதிகம். வாரத்தில் ஒரு நாள் காரல், ஒரு நாள் சாளை என்று வைத்துக் கொண்டால் போச்சு!

எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தால், கொழுப்புக் குறைந்த மீனும் எண்ணெய் குடித்த மீனாகிவிடும். குழம்புதான் நல்லது. கருவாட்டில் உப்பு அதிகம். ரத்தக் கொதிப்புக்காரர்கள் கவனம்! சின்னப் பிள்ளைகளுக்கு முள் பார்த்து ஊட்ட வேண்டும்.

இவ்வளவு சத்துள்ள மீனுக்கு என்ன கதி? வெயிலில் காய்ந்து, மூட்டை மூட்டையாகக் கோழித் தீவனத்துக்குப் போகிறது! மனுஷன் வேண்டாம் என்றதைக் கோழி தின்கிறது. அந்தக் கோழியை மனுஷன் காசு கொடுத்து வாங்குகிறான்!

முள்தான் தடை என்றால் அதற்கும் வழி உண்டு. முள் நீக்கிச் சதையை மட்டும் எடுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. 1977 முதல் தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. முள் நீக்கிய காரலை மலிவு விலையில் பொட்டலமாகக் கடைக்குக் கொண்டு வர அரசு முயற்சி எடுக்கக் கூடாதா?

அதுவரை அண்ணாச்சிமார் ஒன்றை நினைவில் வைக்கட்டும். விலை ஏறினால் கௌரவம் ஏறலாம். சத்து ஏறாது!